தைராய்டு தன் இடத்தில் இல்லை

என் மகளுக்குப் பதினோரு வயதில், தாடைக்குச் சற்றுக் கீழே கழுத்தின் நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை. எச்சில் விழுங்கினால் மேலே ஏறும். நாக்கை நீட்டினாலும் ஏறும். காரைக்குடியில் முதலில் பார்த்த மருத்துவர், பிறவியிலேயே வரும் நீர்க்கட்டி, எடுத்துவிடலாம் என்றார். அறுவை செய்ய இருந்தவரோ ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிடிவாதத்துக்கு அவருக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஸ்கேன் எடுத்த அம்மாள் அடிக்கழுத்தில் கருவியை இரு பக்கமும் மாற்றி மாற்றி உருட்டினார். முகம் மாறியது. தைராய்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மேலே இருந்த கட்டியில் நீரும் இல்லை, கெட்டியான சதை. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்., தைராய்டு சுரப்பு போதாதபோது ஏறும்; அது ரத்தத்தில் 20-ஐத் தாண்டியிருந்தது, 5-க்குள் இருந்தால்தான் சரி.

திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்குப் போனோம். அங்கே தைராய்டு சதை எங்கே இருக்கிறது என்று காட்டும் டெக்னீசியம் ஸ்கேன். கையில் ஊசி போட்டு, சுமார் 20 நிமிடம் கழித்துப் படம் எடுத்தார்கள். கட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. கருவில் தைராய்டு நாக்கின் அடியில் உருவாகி, ஏழாவது வாரத்துக்குள் அடிக்கழுத்துக்கு இறங்கிவிடுமாம். இவளுக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. உடம்பில் இருக்கும் தைராய்டே அது ஒன்றுதான். நீர்க்கட்டி என்று வெட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

மூச்சோ விழுங்குவதோ தடைபட்டால், ரத்தம் கசிந்தால், புற்றுநோய்ச் சந்தேகம் வந்தால்தான் அறுவை. இப்போதைக்கு, தைராய்டு சுரப்புக்கு ஈடாகத் தரும் லெவோதைராக்சின் மாத்திரை போதும் என்றார்கள். டி.எஸ்.எச். இறங்கினால் கட்டியைத் தூண்டுவதும் குறையும்.

வீட்டில்தான் பெரிய வழக்கு. “கட்டியோடு விட்டால் நாளைக்குப் பெண் கேட்டு யார் வருவார்கள்?” என்று வளவில் உட்கார்ந்து அப்பத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்கேன் படத்தைக் காட்டி, பிள்ளைக்கு இருப்பது இவ்வளவுதான் அப்பத்தா என்றேன். அதன்பின் பேச்சு நின்றது. இன்று பேத்தி மாத்திரை போட்டு அரை மணி நேரம் ஆகாமல் பால் காபியைக் கண்ணில் காட்டுவதில்லை, அவர்தான் காவல்.

கட்டி இப்போது தொட்டால்தான் தெரிகிறது. வளர்கிற பிள்ளை என்பதால் அவ்வப்போது ரத்தம் பார்த்து அளவை மாற்றுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். பள்ளியில் அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தருவதால் தொல்லை இல்லை.