மியூசியம் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் கரைப் பிள்ளைகளுக்கு

ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் வரலாற்றில் பிஎச்.டி. செய்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: வெளிநாட்டு மியூசியத்தில் ஃபெலோஷிப் (அங்கே தங்கி ஆய்வு செய்ய உதவித்தொகை) கிடைக்க எவ்வளவு மார்க் வேண்டும்? மார்க்கை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. உங்களுக்கு வேண்டிய பொருள் அவர்கள் கிடங்கில் இருக்கிறதா, அதை நேரில் பார்க்காமல் உங்கள் ஆய்வு நகராதா, இதைத்தான் பார்க்கிறார்கள். 'தமிழகக் கடல் வணிக வரலாறு' என்று எழுதிப் போட்டால், இதைச் சென்னையிலேயே படிக்கலாமே என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆகவே விண்ணப்பத்தைத் திறக்குமுன் மியூசியத்தின் ஆன்லைன் கேட்டலாகைத் திறங்கள். இங்கே பொறுமை வேண்டும். ராமநாதபுரம் என்று தேடினால் அநேகமாக ஒன்றும் வராது. ராம்நாட் (ராமநாதபுரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்) மாவட்டம் உருவானதே 1910இல்தான். அதற்கு முன் சேகரித்தவை 'மதுரா' (நம் மதுரைதான்) என்றோ வெறும் 'மெட்ராஸ்' என்றோ பதிவாகியிருக்கலாம். கீழக்கரைக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். ஊர்ப்பெயரை விட்டுவிட்டுச் சேகரித்தவர் பெயரில் தேடிப் பாருங்கள். சில சமயம் ஒரே மூச்சில் கொத்தாகக் கிடைக்கும்.

என் தலைப்பு மன்னார் வளைகுடாச் சங்குத் தொழில். அப்படித் தேடியபோது ஒரு பலகை கண்ணில் பட்டது. கையகல மரம், நடுவில் வட்ட ஓட்டை, 'பயன் தெரியவில்லை' என்று குறிப்பு. எங்கள் தெருவில் சங்கு குளித்த காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவரிடம் படத்தைப் போனில் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "சங்கு அளக்குற பலகைல்ல இது? ஓட்டைக்குள்ள விழுந்துச்சுன்னா சின்னச் சங்கு, திரும்பக் கடல்ல போட்டுடணும்."

இதை மட்டும் எழுதினால் ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டனும் இதே ஓட்டைப் பலகையைப் பற்றி, சிறிய சங்குகளைக் கடலில் விடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். காக்கா சொன்னது, தர்ஸ்டன் எழுதியது, கிடங்கில் அந்தப் பலகையின் பதிவெண், மூன்றையும் ஒரே பத்தியில் வைத்தேன். நேர்காணலில் பாதி நேரம் அந்தப் பத்தியைச் சுற்றியே கேள்விகள்.

சங்கு மட்டுமல்ல. அழகன்குளத்தில் அகழ்ந்தெடுத்த ரோமானிய மதுச்சாடி ஓடுகள், பெரியபட்டினத்துச் சீனப் பீங்கான் துண்டுகள் என்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் உடைசல். ஒப்பிட வேண்டிய முழுச் சாடியும் முழுத் தட்டும் வெளியூர் மியூசியங்களில் இருக்கின்றன. இதைவிட நல்ல காரணம் ஒரு விண்ணப்பத்துக்குத் தேவையில்லை.

எங்கே போடலாம்? அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் மியூசியங்கள்; அங்கே மாணவர்களுக்குப் பத்து வார ஃபெலோஷிப்பும் தருகிறார்கள். கப்பல், படகு, துறைமுகம் என்றால் லண்டன் கிரீனிச் கடல்சார் மியூசியத்தின் கெயர்ட் ஃபெலோஷிப். பிரிட்டனுக்குக் குறுகிய ஆய்வுப் பயணம் போக சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் உதவுகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலும் ஃபெலோஷிப் உண்டு. ஆனால் கீழக்கரையில் டச்சுக் கம்பெனி நடத்திய வியாபாரத்தின் காகிதங்களைத் தேடி அங்கே போகாதீர்கள். அவை ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கடைசித் தேதி, தொகை, தகுதி எல்லாம் அவ்வப்போது மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அந்தப் பிரிவின் காப்பாட்சியருக்கு ஐந்தாறு வரியில் மெயில் போடுங்கள், பொருளின் பதிவெண்ணோடு. பதில் மெதுவாக வரும்; ஒருமுறை நினைவூட்டினால் தப்பில்லை. பரிந்துரைக் கடிதம்தான் நம் பக்கத்துப் பலவீனம். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி எழுதிக் கொடுப்பார்கள், அதில் பயனில்லை. உங்கள் ஆய்வுத் திட்டத்தை கைடிடம் முன்கூட்டியே கொடுத்து, அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

கிடைத்துவிட்டது என்றால், டிக்கெட் எடுக்குமுன் பார்க்க வேண்டிய பொருள்களின் பட்டியலை அனுப்பிவிடுங்கள். பல மியூசியங்களின் கிடங்கு ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும். எடுத்து வைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அப்புறம், முதல் தவணைப் பணம் பெரும்பாலும் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். முதல் மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.