யோசனை என்றால் சிந்தனையா?

கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து 11 ஆண்டுகளாகின்றன. ஊர் பழகிவிட்டது என்றே நம்பியிருந்தேன், சென்ற மார்கழியில் அம்மாவை மனநல வைத்தியரிடம் கூட்டிச் சென்ற நாள்வரையில்.

“மன அழுத்தம் இருக்கிறதா?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். “பிறசருக்குக் காலமையிலை ஒரு குளிசை போடுறன்” என்றார் அம்மா. நானும் மொழிபெயர்ப்பாளரும் சிரித்துவிட்டோம். கடந்த 2 வாரங்களில், இறந்துவிட்டால் நல்லது என்று தோன்றியதுண்டா என்ற கேள்வி வந்ததும் அந்தச் சிரிப்பு அடங்கியது. மனச்சோர்வை அளக்க, 9 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வைத்துக் கேட்பார்கள்; அதன் கடைசிக் கேள்வி அது. முழங்கால் வலித்தாலும் “முருகன் என்னை எடுக்கிறானில்லையே” என்று சொல்லும் அம்மா, ஓமென்று தலையாட்டினார். வைத்தியரின் முகம் மாறியது. அவர் பதறியதில் பிழையில்லை. ஆனால் எஞ்சிய நேரம் முழுவதும் அதைச் சுற்றியே கழிந்ததால், அம்மா மூன்று தரம் சொன்ன “எனக்கு யோசனை கூடிப்போச்சு” என்பது, “நிறையச் சிந்திக்கிறார்” என ஆங்கிலமாகி, எவராலும் குறிக்கப்படாமல் போயிற்று.

யோசனை என்றால் எங்களுக்குச் சிந்தனையா? நித்திரை வராமல், சோறு இறங்காமல், நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் கிடப்பதல்லவா அது! அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 கைநூலில், சிம்பாப்வேயின் ஷோனா மக்கள் தம் துயரைச் சொல்லும் ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல் இருப்பதையும், அதற்கு ‘மிகுதியாக யோசித்தல்’ என்பதே பொருள் என்பதையும் பின்னர் வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உங்கள் வருத்தத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், உங்கள் சனம் அதற்கு என்ன காரணம் சொல்லும் என்று நோயாளியிடமே விசாரிக்கும் 16 கேள்விகளும் அந்நூலில் உண்டு.

இரண்டாவதாகப் பார்த்த வைத்தியர் அப்படித்தான் கேட்டார். ஏழரைச் சனியில் தொடங்கிய அம்மா, 2009 மே மாதத்துக்குப் பிறகு தகவலே இல்லாத என் அண்ணனிடம் வந்து சேர ஒரு மணித்தியாலம் எடுத்தது. வைத்தியர் இடைமறிக்கவில்லை. குளிசை எடுக்க அம்மா அன்றுதான் சம்மதித்தார்.

அம்மாவைக் கூட்டிச்செல்ல நானே 8 மாதம் தயங்கியதையும் மறைக்க மாட்டேன். ஊரில் சின்னம்மாவுக்கு 19 வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, செய்வினை என்று நூல் கட்டி, பேசிய கலியாணம் குழம்பிவிடும் என்று அறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மனநல மருத்துவமனை இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக இருந்த காலம் அது. அந்த அறைக் கதவு இன்றும் என் கனவில் வருகிறது.

இப்போது அம்மா விபூதி பூசிய பிறகு இரவுக் குளிசையைப் போடுகிறார், நித்திரையும் வருகிறது. நல்லூரில் கொடியேறிய அன்று, கைபேசியில் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தவர், “உன்ரை சின்னம்மாவையும் ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டியிருக்கலாம், தம்பி” என்றார்.