டீசல் நோட்டில் ஏழாம் நம்பர்

தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் பரண் இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அண்ணன் வலையைப் பார்ப்பதும் மரத்தடியில் சீட்டாடுவதுமாக இருப்பார், அவர் சும்மா இருப்பது அம்மாவுக்குப் பொறுக்காது, ஏணியைப் போடு பரணைத் துடை என்று ஆரம்பித்துவிடுவார். இந்த முறை இறங்கியதில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் என் பழைய பிஎஸ்பி, சோனி கம்பெனியின் கையடக்க வீடியோ கேம் மெஷின்.

அக்கா மகன் லீவுக்குப் பாம்பன் வந்திருந்தான், ஏழாவது முடித்தவன். கையில் வாங்கித் திரையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு, "மாமா, இது டச் போயிருச்சு" என்றான். டச்சே கிடையாதுடா என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. (அப்படி உப்பியதைக் குத்தவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது, கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.) நல்ல வேளையாக பேட்டரி இல்லாமலே 5 வோல்ட் சார்ஜரில் இது ஓடும். படங்களைச் சேமித்து வைக்கும் கார்டான மெமரி ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் அதன் 10 பின்னில் நாலைந்தில் பச்சைக் களிம்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் எங்கள் ஊரில் ரிமோட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கே துருப்பிடிக்கும், டின்னுக்குள் இருந்ததால் இதாவது மிஞ்சியது. பையனின் பென்சில் ரப்பரை வாங்கி மெதுவாகத் தேய்த்து, ஊதி, உள்ளே தள்ளினேன். ஆரஞ்சு விளக்கு மினுக் மினுக்கென்றது.

"என்ன படம் இருக்கு?"

பெயரே இல்லை. எம்4வி00001, எம்4வி00002, இப்படியே பதினொன்று.

சின்ன மாமா 2010ல் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது இது, பிஎஸ்பி 3000, கூடவே 4 ஜிபி மெமரி ஸ்டிக், ஒரே ஒரு கார் ரேஸ் டிஸ்க். ஜப்பானில் 2004 டிசம்பரிலேயே வந்துவிட்ட மெஷின், எங்கள் ஊருக்கு வர ஆறு வருடம். அந்தக் குட்டி டிஸ்க்குக்கு யூஎம்டி என்று பெயர், 1.8 ஜிபி கொள்ளும், பாம்பனில் எந்தக் கடையிலும் கிடைக்காது, ராமநாதபுரத்திலும் நான் பார்த்ததில்லை. இரண்டு வாரத்தில் ரேஸ் அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டில் விளையாட்டு மெஷின் இல்லை, படம் பார்க்கிற பெட்டி. 4.3 அங்குலத் திரை, 480க்கு 272 புள்ளி. அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்த போன்களின் திரையைப் பார்த்தவர்களுக்கு அது தியேட்டர்தான்.

படத்தை எப்படி ஏற்றுவது என்பதுதான் பிரச்சினை. கல்லூரி நண்பன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். மெமரி ஸ்டிக்கில் எம்பி_ரூட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 100எம்என்வி01 என்று இன்னொன்று, அதற்குள் எம்4வி என்று தொடங்கி ஐந்து இலக்க எண்ணோடு முடிகிற எம்பி4 ஃபைல். ஒரு எழுத்து மாறினாலும் மெஷின் அதைக் கண்டுகொள்ளாது. ஏவிசி வகை வீடியோ (எச்264 என்பதும் இதுதான்) என்றால் அது போக வேண்டிய இடமே வேறு, 100ஏஎன்வி01, பெயரும் எம்ஏகியூ என்று தொடங்க வேண்டும். ஆக எதிலும் படத்தின் பெயரை எழுத இடமில்லை. எழுதியது எங்கே தெரியுமா, அம்மாவின் டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். 1 இந்தப் படம், 2 அந்தப் படத்தின் காமெடி மட்டும், 3 இன்னொரு படத்தின் முதல் பாதி.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் இந்தக் கூத்தே தேவையில்லாதது. நண்பன் கொடுத்த அந்தப் பக்கம் 2005 காலத்தது. அதற்குப் பிறகு வந்த ஃபர்ம்வேரில், அதாவது மெஷினுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், மெமரி ஸ்டிக்கின் முதல் மட்டத்தில் வீடியோ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் வைத்து, நம் இஷ்டப்படி பெயர் வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். மாமா அட்டைப் பெட்டியைப் பிரித்த அன்றே என் மெஷினில் அந்த வசதி இருந்திருக்கிறது. நான் கண்டுபிடித்தது இரண்டு வருடம் கழித்து. தமிழில் பெயர் வைத்தால் எழுத்து தெரியவில்லை, அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ், அது வேறு கொடுமை.

சரி, மென்பொருள் கதைக்கு வருகிறேன். சோனி முதலில் பிஎஸ்பிக்கென்று மீடியா மேனேஜர் என்ற ஒன்றைக் காசுக்கு விற்றது. அப்புறம் 2009ல் பிஎஸ்பி கோ என்ற அடுத்த மாடல் வந்த சமயத்தில் மீடியா கோ என்று இலவசமாக ஒன்று வந்தது, நான் பழகியது அதில்தான். பாட்டு, படம், போட்டோ எல்லாவற்றையும் ஒரு பக்கம் அடுக்கிக் காட்டும், இன்னொரு பக்கம் மெஷின், இங்கிருந்து இழுத்து அங்கே விட்டால் தேவையான அளவுக்கு மாற்றிச் சரியான ஃபோல்டரில் அதுவே வைத்துவிடும். பெயரைப் பற்றிய கவலையே வேண்டாம். எனக்கு ரொம்ப நாள் இது ஏதோ மந்திரம் போலத்தான் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, இந்த மாதிரி மென்பொருள் எதுவானாலும் செய்வது இரண்டே வேலை, ஒன்று வீடியோவை மாற்றுவது, மற்றொன்று காப்பி அடிப்பது. இரண்டாவதற்கு மென்பொருளே வேண்டாம், பிஎஸ்பியை யூஎஸ்பி வயரில் மாட்டினால் பென் டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் தெரியும். முதலாவதுதான் உயிரை வாங்கும்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர், அதில் மூலையில் இருந்த கிழட்டு மெஷின் எனக்கு. இரண்டரை மணி நேரப் படத்தை மாற்ற ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2012ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று சென்னையைத் தவிர்த்த எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரியும். ஒரு நாள் 91 சதவீதத்தில் பச்சைக் கோடு வந்து நிற்கிறது, நான் டீ குடிக்க எழுந்தேன், மின்விசிறி மெல்ல ஓய்கிற சத்தம் கேட்டது. யூபிஎஸ் என்ற பெயரில் அங்கே இருந்தது வெறும் இரும்புப் பெட்டி. கரண்ட் வந்து பார்த்தால் பாதியில் நின்ற ஃபைல் எதற்கும் ஆகாது, மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து.

அதற்கு நான் கண்ட வழியைப் பெருமையாகவே சொல்கிறேன். நம் படங்களுக்கு இடைவேளை உண்டே. அந்த இடத்தில் வெட்டி இரண்டு ஃபைலாக மாற்றினால் கரண்ட் போனாலும் நஷ்டம் பாதிதான். நோட்டில் மூன்றாவது வரியில் 'முதல் பாதி' என்று இருப்பதன் காரணம் இது. இரண்டாம் பாதி கடைசி வரை ஏறவில்லை, அண்ணன் அந்த முடிவை டிவியில் பார்த்தார், அது தனிக் கதை.

அண்ணனுக்குத்தான் இதில் அதிக லாபம். கடலில் தங்கல் போடும் இரவுகளில் ஐஸ் பெட்டி மேல் இதை வைத்து நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்ப்பார்களாம். முழுப் படம் யாரும் கேட்கவில்லை, காமெடி மட்டும் வெட்டிக் கொடுடா என்பார்கள். வந்த ஒரே புகார் சத்தம் பத்தவில்லை என்பது. இன்ஜின் சத்தத்தில் அந்தக் குட்டி ஸ்பீக்கர் எம்மாத்திரம். அதற்கும் ஒரு விஷயம் இருந்தது, சவுண்ட் செட்டிங்கில் ஏவிஎல்எஸ் என்று ஒன்று, காதைக் காப்பாற்ற ஒலியைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறவிடாது. அதை நிறுத்தினேன். அதன் பக்கத்திலேயே டைனமிக் நார்மலைசர், சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, அதைப் போட்டேன். அடுத்த தங்கலிலிருந்து புகார் இல்லை. கொஞ்சம் செதிலோடுதான் மெஷின் திரும்பி வரும்.

நடுவில் ஒரு கடையில் 16 ஜிபி ஸ்டிக் வாங்கி ஏமாந்தேன். முதல் மூன்று நான்கு ஜிபி ஒழுங்காகப் பதியும், அதற்கு மேல் போடுவதெல்லாம் குப்பை. அளவைப் பொய்யாகக் காட்டுகிற போலி. பிஎஸ்பியிலேயே மெமரி ஸ்டிக்கின் தகவல் பக்கத்தைத் திறந்தால் மேஜிக்கேட் என்று ஒரு வரி இருக்கும், அசலில் அதற்கு எதிரே சப்போர்ட்டட் என்று வரும், என்னுடையதில் வரவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனேன், கடைக்காரர் சிரித்தே அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு இப்படி ஒரு மெஷின் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், மீடியா கோவைத் தேடாதீர்கள், 2017 இறுதியோடு அதை மூடிவிட்டார்கள். மெமரி ஸ்டிக் வாங்குவதைவிட மைக்ரோஎஸ்டி கார்டைச் செருகுகிற அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கார்டை உருவிக் கார்டு ரீடரில் போட்டால் அந்தப் பழைய மினி யூஎஸ்பி வயரைத் தேடி அலையவும் வேண்டாம். கார்டை பிஎஸ்பிக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டர் பெரிய கார்டை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்துவிடும், இதற்கு அது புரியாது. ஆனால் அதற்கு முன்னால் பிஎஸ்பி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டாவைத் தனியாக எடுத்து வையுங்கள். விளையாடிச் சேர்த்ததெல்லாம் அதில்தான் இருக்கிறது, நான் ஒருமுறை யோசிக்காமல் அழித்துவிட்டு ரேஸை முதல் சுற்றிலிருந்து ஓட்டினேன்.

வீடியோவை மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். எச்264, புரொஃபைல் மெயின், லெவல் 3.0, அகலம் 480 என்று மட்டும் கொடுத்தால் உயரத்தை அதுவே கணக்குப் போடும், அகலப் படம் என்றால் 204 அளவில் வந்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். வீடியோவுக்கு 768 கிலோபிட், ஒலி ஏஏசியில் 128. இந்த அளவில் இரண்டரை மணி நேரப் படம் ஏறத்தாழ 1 ஜிபி. எல்லாம் சரியாகக் கொடுத்தும் ஓடவில்லை என்றால் அட்வான்ஸ்டு பெட்டியில் பி-பிரமிட் என்பதை நிறுத்திப் பாருங்கள், எனக்கு அரை நாள் தின்றது அதுதான். முன்பு ஐந்து மணி நேரம் எடுத்த வேலை இப்போதைய லேப்டாப்பில் டீ ஆறுவதற்குள் முடிகிறது.

இதற்கு அடுத்து வந்த வீட்டா என் சித்தப்பா மகனிடம் இருக்கிறது. அது பென் டிரைவ் மாதிரி கம்ப்யூட்டரில் தெரியாது, கன்டென்ட் மேனேஜர் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் வழியாகத்தான் எதுவும் போக வேண்டும், இல்லையென்றால் க்யூசிஎம்ஏ என்று ஆர்வலர்கள் எழுதிய மாற்று ஒன்று உண்டு. திரை அழகுதான். என் ஓட்டு பழையதற்கே.

சரி, அந்தப் பதினொன்று. அம்மா எந்தக் கணக்கு நோட்டையும் எடைக்குப் போட்டதில்லை, டிரங்குப் பெட்டியிலிருந்து பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போகவே இல்லை, அப்போது டீசல் நாற்பது ரூபாய்ச் சொச்சம் என்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். பிடுங்கித்தான் திருப்ப வேண்டியிருந்தது. ஆறு வரை காமெடி, பாட்டு. ஏழுக்கு எதிரே என் கையெழுத்தில் 'பாலம்'.

எப்போது எடுத்தேன் என்றே மறந்துபோயிருந்தது. நண்பனின் நோக்கியா போனில் எடுத்து, 3ஜிபி என்ற பழைய போன் வீடியோ வகையிலிருந்து மாற்றியது. கட்டம் கட்டமாக இருந்தாலும் என்னவென்று தெரிகிறது. 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலம், நடுவில் இரண்டு கதவும் மெல்ல மெல்ல வானத்தைப் பார்த்து எழுகின்றன. ஆட்கள் கையால் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள், அதனால் அவசரமே இருக்காது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது, பையன் அது திறந்து பார்த்ததே இல்லை. மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தான்.

அப்புறம் தன் போனை நீட்டினான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், 72.5 மீட்டர் நீளமான நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக மேலே போகிறது, இவன் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருக்கிறான். "இதையும் அதுல போடுங்க மாமா." அப்படியே மாற்றினால் 272 உயரத்துக்கு அகலம் 153தான் வரும், நடுவில் ஒரு கீற்று, இரண்டு பக்கமும் இருட்டு. போனில் வினாடிக்கு 60 ஃபிரேம், அதை 30 ஆக்க வேண்டும். வீடியோ வகையும் எச்265 வேறு, பிஎஸ்பி பிறந்தபோது அப்படி ஒன்றே கிடையாது. நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் ஹேண்ட்பிரேக்கில் 90 டிகிரி திருப்பும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். வீடியோ ஃபோல்டரில் பெயர் வைத்தே போடலாம்டா என்றேன். கேட்கவில்லை. 100ஏஎன்வி01ஐ உருவாக்கி, எம்ஏகியூ00012 என்று அவனே பெயர் கொடுத்து, நோட்டில் பதினொன்றுக்குக் கீழே '12 – புதுப் பாலம்' என்று எழுதிய பிறகுதான் ஓடவிட்டான்.

பிஎஸ்பியை போன் மாதிரி நிமிர்த்திப் பிடித்தால் திரை முழுக்கப் பாலம். அண்ணன் எட்டிப் பார்த்து, "டேய், ஒழுங்காப் பிடிடா" என்று வாங்கிப் படுக்கைவாக்கில் திருப்பினார். நடுத்துண்டு மண்டபம் ஊரைப் பார்த்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது.