ரிலேக்குக் குறுக்கே ஒரு வயர்

சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும்போது பாய்லர் நின்றுபோனால் எல்லாமே நின்றுவிடும். நீராவி இல்லை, மில் ஓடாது, கரண்டும் இல்லை. யார்டில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரையும் குறைந்துகொண்டே போகும். பாய்லரின் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளுவது ஐடி ஃபேன். எங்களிடம் இருந்தது ஒன்றுதான், ஸ்பேர் கிடையாது.

நான் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் சேர்ந்த இரண்டாம் வருடம், அந்த ஃபேனுக்கென்றே அதிர்வையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் பெட்டி ஒன்றை மாட்டினோம். இரண்டு பேரிங்கிலும் ஆளுக்கொரு அதிர்வு சென்சார், வெப்பநிலையை அளக்க ஒரு பிடி 100 சென்சார். பெட்டிக்குத் தனி பவர் சப்ளை. கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் உறைந்துபோனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். அதன் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், நேராக மோட்டார் ஸ்டார்ட்டர் சர்க்யூட்டில் இருந்தது. அதிர்வு அளவு மீறினால் யாரையும் கேட்காமல் ஃபேனை நிறுத்திவிடும். இதைத்தான் டிரிப் என்போம்.

முதல் வாரத்திலேயே மூன்று முறை நிறுத்தியது. மூன்று முறையும் பேரிங்கைத் தொட்டுப் பார்த்தோம், சூடே இல்லை. மூன்றாவது முறை நடந்தது இரவு ஷிஃப்டில். "தம்பி, கரும்பு காயுது. இதுக்கு ஏதாவது ஒரு வழி பண்ணு" என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ். டிரிப் ரிலேயின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு சின்ன வயரைப் போட்டேன். இனி பெட்டி நிறுத்தச் சொன்னாலும் ஃபேன் நிற்காது. காலையில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எடுக்கவில்லை. பதினாறு நாள் கழித்து ஃபேனின் பேரிங் பிடித்துக்கொண்டது. பேரிங்குக்குள் உருளைகளைப் பிடித்து வைக்கும் கேஜ் உடைந்திருந்தது, ஷாஃப்ட்டும் தேய்ந்துபோயிருந்தது. யாருக்கும் அடி படவில்லை. பாய்லர் ஒரு நாளுக்கும் மேல் நின்றது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தபோது டிரிப் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்து என்று அது சொல்லியிருக்கிறது. ஃபேனை ஓட வைத்தது என் வயர். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிவப்பு விளக்கு எனக்கு மறக்கவில்லை.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெட்டியில் குறை எதுவும் இல்லை. நாங்கள் வைத்த அளவுதான் தப்பு. இயந்திர அதிர்வுக்கென்று அப்போது இருந்த ஐஎஸ்ஓ 10816 தரத்தில் பெரிய இயந்திரங்களுக்கு, அடித்தளம் விறைப்பாக இருந்தால் வினாடிக்கு 4.5, 7.1 மில்லிமீட்டர் என்று இரண்டு எல்லைகள் இருந்தன. அடித்தளம் கொஞ்சம் இளகிக்கொடுக்கிறது என்றால் அவை 7.1, 11 ஆகும். எங்கள் ஃபேன் நின்றது இரும்புச் சட்டத்தின் மேல். நாங்கள் வைத்திருந்ததோ கான்கிரீட்டில் நிற்கும் இயந்திரத்துக்கான அளவு. போதாததற்கு, ஃபேன் வேகம் எடுக்கும்போது அதிர்வு ஒரு முறை ஏறி இறங்கும். அந்த நேரத்துக்கு டிரிப் அளவை உயர்த்தி வைக்கும் வசதி பெட்டியிலேயே இருந்தும் நாங்கள் அதைத் தொடவில்லை. சென்சார் கேபிளையும் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் இழுத்திருந்தோம்; அப்படிச் செய்தால் மின் இரைச்சல் கலந்து பொய் அளவு காட்டலாம். எல்லாவற்றையும் சரிசெய்து, டிரிப்புக்கு மூன்று வினாடி தாமதமும் வைத்தோம். வயருக்குப் பதிலாகச் சாவி போட்ட பைபாஸ் சுவிட்ச் வந்தது. அதைத் திருப்பினால் கன்ட்ரோல் ரூமில் விளக்கு எரியும், ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட வேண்டும்.

"சூடு இல்லையே" என்று நாங்கள் தைரியமாக இருந்ததுதான் பெரிய தப்பு. புகையைத் தண்ணீரால் கழுவும் எங்கள் ஸ்க்ரப்பரிலிருந்து வரும் ஈரத்தில் சாம்பல், ஃபேனுக்குள் சுழலும் இம்பெல்லரின் இறக்கைகளில் அப்பிக்கொள்ளும். ஒரு இறக்கையிலிருந்து மட்டும் அது பெயர்ந்து விழுந்தால் எடை ஒருபக்கமாகி அதிர்வு சட்டென்று ஏறும். பேரிங் அந்த அடியை நாள்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கும், ஆனால் சூடு கடைசியில்தான் தெரியும். அந்த முறையும் கடைசி அரை மணி நேரம் வரை 60 டிகிரியிலேயே இருந்தது. நேர்மாறாகவும் நடக்கும். புது கிரீஸ் அடித்தால் சில மணி நேரம் சூடு ஏறி, பிறகு தானாக இறங்கும், அதிர்வு அசையாது. அதற்குப் பயந்து ஃபேனை நிறுத்த வேண்டியதில்லை. அதனால்தான் அதிர்வு, வெப்பநிலை இந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் சென்சார் மாட்டினால் போதுமா என்று யார் கேட்டாலும் போதாது என்று சொல்கிறேன்.

அடுத்த பருவத்தில் ஒரு நாள் அதிகாலை, பாய்லர் அட்டெண்டர் அண்ணன் போன் செய்தார். முதல் வாரத்தில் பெட்டியைக் கழற்றி எறியச் சொன்னவர் அவர். "சார், அதிர்வு நேத்து நாலுல இருந்துச்சு, இப்ப அஞ்சு புள்ளி எட்டு காட்டுது. அலாரம் இன்னும் வரல. ஆனா நீங்க வந்து பாத்துடுங்க."

போனேன். மதியம் கரும்பு வரத்து குறைந்த நேரத்தில், நாங்களே நேரம் பார்த்து ஃபேனை நிறுத்திக் கதவைத் திறந்தோம். ஒரு இறக்கையில் சாம்பல் பாளமாகப் பெயர்ந்திருந்தது. மற்றவற்றையும் சுரண்டிச் சுத்தம் செய்து ஓட்டியபோது அதிர்வு 3.2க்கு வந்தது. அட்டெண்டர் அண்ணன் அதைத் தன் கையாலேயே ரிஜிஸ்டரில் எழுதினார்.