பொங்கல் விடுமுறையில் சைக்கிள்

பொங்கலுக்கு சைக்கிளில் நெடுந்தூரம் கிளம்பினால் முதல் பயம் சாப்பாட்டைப் பற்றித்தான். ஹோட்டல்கள் பாதிக்கு மேல் அடைத்திருக்கும், பஞ்சர் கடைக்காரரும் ஊருக்குப் போயிருப்பார். மற்றபடி தை மாதம் அருமையான காலம். வாடைக்காற்று முதுகைத் தள்ளிவிட, வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகத் தெற்கே இறங்குவது சுகம்.

மாட்டுப் பொங்கல் அன்று மல்லிப்பட்டினம் பக்கம், சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரத்தைத் தாண்டியதும் பின் டயரில் காற்று போய்விட்டது. மாட்டுக்குக் கொம்பில் நீல பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "தம்பி, வண்டிய நிழலுக்குக் கொண்டாங்க" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற அன்னக்கூடையைக் கழுவி, புதுத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதில் டியூபை அமுக்க, குமிழி வந்த இடத்தை அவருடைய பேத்தி எனக்கு முன்னால் விரல் வைத்துக் காட்டினாள்.

ஒட்டி முடிப்பதற்குள் உள்ளே இலை போட்டுவிட்டார்கள். சர்க்கரைப் பொங்கல், மொச்சையும் பரங்கிக்காயும் போட்ட குழம்பு. அந்த அம்மா என் பெயரைக் கேட்டதே நான் கை கழுவிய பிறகுதான். இதை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது.

இந்தப் பொங்கலுக்கு உங்கள் ஊர் வழியே பை கட்டிய சைக்கிளில் யாராவது போனால் நிறுத்தி, "சாப்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.