அறிவுசார் குறைபாடு உள்ளோர் இல்லத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன்

பிள்ளையின் மாற்றுத்திறனாளி சலுகை அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ரயில் கவுண்டரில் சலுகை கேட்டு, இல்லை என்றதும் முழுக் கட்டணத்துக்குப் பணம் தேடும் பெற்றோர் நிறைய. சலுகை பிள்ளையோடுதான் நகரும். பார்க்கப் போகிறவருக்கென்று எதுவும் இல்லை. இது பெரிய குறை. மாதாமாதம் போகிற கூலிக் குடும்பத்தை இதுதான் ஒடிக்கிறது.

மதுரையிலிருந்து சென்னை இல்லத்துக்குப் போய்ப் பொங்கலுக்கு அழைத்து வருவதென்றால் மொத்தம் நான்கு பயணம்: நீங்கள் தனியாகப் போவது, இருவரும் வருவது, இருவரும் போவது, நீங்கள் மட்டும் திரும்புவது. நடுவில் உள்ள இரண்டுக்குத்தான் சலுகை. அந்த டிக்கெட்டுகளைத் தனியாக எடுங்கள். அட்டைக்காரர் வராமல் துணை மட்டும் ஏறினால் அது செல்லாது.

ரயிலில் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏசியில் 50 சதவீதம் தள்ளுபடி. இது அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்; முன்பதிவு, சூப்பர்பாஸ்ட் கட்டணங்கள் முழுசாக வரும். அதனால் கால் பங்கு என்று எண்ணிப் பணம் கொண்டுபோனால் பத்தாது. தட்கலில் சலுகையே கிடையாது. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும், பண்டிகை என்றால் அன்றே உட்காருங்கள்.

இதற்கு ரயில்வே தரும் தனி அட்டை வேண்டும். ரயில்வே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்துக்கு மதுரை ரயில்வே கோட்டம். பெரும்பாலும் சிக்குவது மருத்துவச் சான்றில்தான். ரயில்வே படிவத்திலேயே அரசு மருத்துவர் கையெழுத்திட்டு, துணையின்றிப் பயணிக்க இயலாதவர் என்பது தெளிவாக இருக்க வேண்டும். மருத்துவமனையை விட்டு வெளியே வரும் முன்பே அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

உள்ளூர் இல்லம் என்றால் செலவு குறைவு. அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அப்படியே. ஆகவே தனியாகப் பார்க்கப் போவது அம்மாவோ அத்தையோ என்றால் அந்தப் பணம் மிச்சம். இலவசம் என்றாலும் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியூர் பஸ் என்றால் மதுரையில் நிலையம் பார்த்துப் போங்கள்: திண்டுக்கல், தேனி, கோவை பக்கம் ஆரப்பாளையம். திருச்சி, நெல்லை, ராமநாதபுரம் என்றால் மாட்டுத்தாவணி. இடம் மாறி இறங்கினால், சக்கர நாற்காலியோடு ஊரைக் கடக்க ஆட்டோவுக்கே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் வழி போகவே வேண்டாம்.

அழைத்து வரும்போது இல்லத்தில் மாத்திரையை எண்ணி வாங்குங்கள், இரண்டு நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டின் நகலோடு. வலிப்பு மாத்திரை பெட்டியில் அல்ல, கைப்பையில்.