ராத்திரி டெஸ்க்ல உக்காந்துக்கிட்டே கரஸ்ல எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன் முடிச்ச கதை

பி.காம் முடிச்சுட்டு ஒரு தமிழ் பேப்பரோட திருநெல்வேலி எடிஷன்ல ப்ரூஃப் பாக்கத்தான் சேர்ந்தேன். ஒருநாள் சப் எடிட்டர் லீவுன்னு உக்கார வச்சாங்க, அப்படியே ஆறு வருஷம் ஓடிருச்சு. அப்புறம் சீனியர் போஸ்டுக்கு இந்த லைன்ல ஒரு டிகிரி இருந்தா நல்லதுன்னு பேச்சு வரவும் கரஸ்ல எம்.ஏ. ஜர்னலிசம் அண்ட் மாஸ் கம்யூனிகேஷன் போட்டேன். எங்க டெஸ்க் அண்ணாச்சி சிரிச்சாரு, "ஏல, நீந்தத் தெரிஞ்சவன் எதுக்குல நீச்சல் கிளாஸுக்கு போற"ன்னு. எனக்கும் உள்ளுக்குள்ள அதே நெனப்புதான், அதுதான் முதல் வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ட்யூட்டி சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா பேஜ் எல்லாம் முடிச்சு அனுப்பிட்டு ரூமுக்கு வர ராத்திரி ரெண்டு ஆயிரும், சனி ஞாயிறு கான்டாக்ட் கிளாஸ் காலைல பத்து மணிக்கு, கடைசி பெஞ்சுல தூங்கி வழிஞ்சதுதான் மிச்சம். ஸ்டடி மெட்டீரியல் பாதி பரீட்சைக்கு மூணு வாரம் முன்னாடிதான் கைக்கு வந்துச்சு.

ஹிஸ்டரி பேப்பரும் லா பேப்பரும் ஈஸியா போச்சு. 1878ல வைஸ்ராய் லிட்டன் கொண்டு வந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், அதுக்குத் தப்பிக்க அமிர்த பஜார் பத்திரிகா ராத்திரியோட ராத்திரியா இங்கிலீஷ் பேப்பரா மாறினது, 1882ல ஜி.சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரன் தொடங்கினது, 1942ல மதுரைல தினத்தந்தி வந்தது, இதெல்லாம் கதை மாதிரி மனசுல நின்னுச்சு. லா பேப்பர்ல ஒண்ணு மட்டும் நிஜமாவே ஆச்சரியம், பத்திரிகை சுதந்திரம்னு தினமும் தலைப்பு வைக்கிறோம், அரசியலமைப்புல 19(1)(அ)ல பத்திரிகைங்கிற வார்த்தையே கிடையாது, குடிமகனுக்கு இருக்கிற பேச்சுரிமைதான் நமக்கும்.

மாட்டிக்கிட்டது தியரி பேப்பர்ல. தமிழ்ல எழுதுறேன்னு போட்டிருந்தேன், மெட்டீரியல்ல எல்லாத்தையும் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வச்சிருந்தாங்க, மேஜிக் புல்லட்டுக்கு மந்திரத் தோட்டா, கேட்கீப்பருக்கு வாயிற்காப்போன், இப்படி. பரீட்சைல 'தகவல் தொடர்பில் இரைச்சல்'னு ஒரு கேள்வி. நான் கோயில் கொடைக்குக் கட்டுற கூம்பு ஸ்பீக்கர பத்தி ஒன்றரைப் பக்கம் எழுதிட்டு வந்தேன்! அது ஷானன்னு ஒருத்தர் டெலிபோன் லைன வச்சு 1948ல சொன்னது, அனுப்புறதுக்கும் வாங்குறதுக்கும் நடுவுல எது கெடுத்தாலும் நாய்ஸ்தான், கம்போசிங்ல ஒரு எழுத்து மாறி விழுந்தாக்கூட. பாஸ் மார்க் 50, நான் 38. அரியர்.

இதுக்கப்புறம்தான் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். இங்கிலீஷ் பேர அப்படியே தமிழ் எழுத்துல எழுதிட்டு விளக்கத்த என் தமிழ்ல எழுதிப் பழகினேன், கரஸ்ல இத எடுக்கிற எல்லாருக்கும் நான் சொல்றது இதான், மெட்டீரியல் தமிழ மனப்பாடம் பண்ணாதீங்க. கேட்கீப்பிங்னு வந்தப்பதான் நிமிர்ந்து உக்காந்தேன். கர்ட் லெவின்னு ஒருத்தர் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வீட்டுச் சாப்பாட்ட பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்காரு, சாப்பாட்டு மேஜைக்கு எது வரணும் எது வரக்கூடாதுன்னு கேட்ல நிக்கிறது யாரு, வீட்டுப் பொம்பளைதானேன்னு. அத டேவிட் மேனிங் ஒயிட்னு இன்னொருத்தர் பேப்பருக்குக் கொண்டு வந்தாரு. 1949ல அமெரிக்காவுல ஒரு ஊர்ப் பேப்பர்ல ஏஜென்சி செய்தி பாக்கிற எடிட்டர்கிட்ட, ஒரு வாரம் நீ தள்ளுற செய்தி எல்லாத்தையும் எடுத்து வை, ஏன் தள்ளினேன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதுன்னு கேட்டிருக்காரு. பத்துல ஒன்பது பங்கு குப்பைக்குத்தான் போயிருக்கு. காரணம் சிலதுல இடமில்ல, சிலதுல அவருக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். அடப்பாவி, இது என் வேலையாச்சே.

அரியர் 61ல க்ளியர் ஆச்சு. டிசர்டேஷனுக்கும் அந்த கேட்கீப்பிங்கையே எடுத்துக்கிட்டேன். நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி கீபோர்டு பக்கத்துல வச்சு, ஒரு வாரம் வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் பகுதி நிருபர்கள் அனுப்பினதுல நான் தள்ளினத எல்லாம் ஒரே வரில காரணத்தோட எழுதினேன். முதல் நாள் பெருமையா இருந்துச்சு, மூணாம் நாள் நோட்ட திறக்கவே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏன்னா என் கையெழுத்துல திரும்பத் திரும்ப ஒரே வரி. ஒரு கிராமத்துல இருந்து ஸ்ட்ரிங்கர், அதாவது பகுதி நிருபர் ஒருத்தர் 'குடிநீர் கேட்டு காலிக்குடங்களுடன் சாலை மறியல்'னு அந்த வாரம் நாலு தடவை அனுப்பியிருக்காரு. என் காரணம்: நேத்தும் இதே. அடுத்து: வழக்கமான தண்ணி. அடுத்து: அதே ஊர். நாலாவதுக்கு காரணமே எழுதல, மேல இருக்கிற மாதிரியேன்னு ரெண்டு கோடு போட்டிருந்தேன்.

டேபிள் போட்டு சதவீதம் போட்டு பைண்ட் பண்ணிக் குடுத்தேன். வைவாவுக்கு வெளியில இருந்து ஒரு பெரியவர் வந்திருந்தாரு, நான் ஒயிட், லெவின்னு ரெடி பண்ணிட்டுப் போயிருந்தேன். அவரு பின்னிணைப்புல நோட்டோட ஜெராக்ஸ் பக்கத்துல விரல வச்சு, "இந்த ஊர்ல தண்ணி வந்துச்சா தம்பி?"ன்னாரு.

தெரியல சார்னேன். அவரு வேற எதுவும் பெருசா கேக்கல, மார்க் நல்லாத்தான் போட்டாரு.

அன்னிக்கு ராத்திரி ட்யூட்டிக்குப் போனதும் முதல் வேலையா அந்த ஸ்ட்ரிங்கருக்கு போன் அடிச்சேன். "இன்னும் வரல சார், மறியல் அப்பப்போ நடக்கத்தான் செய்யுது. நீங்க போட மாட்டீங்கன்னு நான்தான் அனுப்புறத விட்டுட்டேன்"னு சாதாரணமாச் சொன்னாரு. போட்டோ இருக்கான்னு கேட்டேன், மூணு வாரம் முன்னாடி எடுத்ததுதான் இருக்குன்னாரு. புதுசா எடுத்து அனுப்புங்கன்னு சொல்லி, நாலாம் பக்கத்துல ரெண்டு பத்தி அகலத்துக்கு இடம் ஒதுக்கி வச்சேன்.